படுத்துவிட்ட மாடு

மாணவர்களே, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கம் மாடு வளர்க்கும் தோட்டத்து வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள்: "படுத்துக்கொண்டுதானே இருக்கிறது, கத்தவில்லையே, வலி இருக்காது." அப்படியில்லை. மாடும் கழுதையும் வேட்டை விலங்குக்கு இரையாகும் இனங்கள். பலவீனம் தெரிந்தால் ஆபத்து என்பதால் வலியை மறைக்கும். பல்லைக் கடிக்கிறதா, தீனியைத் தொடவில்லையா, கவனியுங்கள். பல மணி நேரம் ஒரே பக்கம் கிடந்தால் சொந்த எடையே தொடையை அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். தசையும் நரம்பும் கெடும். எனவே உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கன்று ஈன்றபின் கால்சியம் குறைந்து விழுந்த மாடு, மருந்து ஏற்றியதும் பெரும்பாலும் எழுந்துவிடும்.

மருத்துவரே கைவிட்டால்? "பசுவைக் கொல்வது பாவம்" என்று பாட்டி அழுவார். 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில், புரளவும் முடியாமல் துடித்த கன்றை, பிழைக்காது என்று மருத்துவர் சொன்னபின், ஊசி போட்டுச் சாகவிட்டார் காந்தி. கண்டனங்கள் குவிந்தன. அவர் செய்தது சரி என்பேன். இன்று மயக்க மருந்தையே அதிக அளவில் செலுத்துகிறார்கள். முதலில் நினைவு போகும், பிறகே மூச்சும் இதயமும் நிற்கும்.

செலவுக்கு அஞ்சி ஊசி கேட்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். முடிவு பெரியவர்களுடையது. ஆனால் மருத்துவரிடம் நீங்களும் கேட்கலாம்: இது மறுபடி எழுமா? எழாதென்றால், இன்னும் எத்தனை நாள் வலிக்கும்?