ஆறுவதற்குள் எடுத்துவிடு!

எனக்குச் சொத்து என்று பார்த்தால் ஐந்து சட்டைகள். மூன்றை வெளியே போட்டுக்கொண்டு போகலாம். ஒன்று வீட்டுக்கு. ஐந்தாவது, கடன் கொடுத்தவர்கள் எதிரே வருகிற நாட்களில் போட்டுக்கொள்வதற்கு. அதைப் பார்த்ததும் அவர்களே பேச்சை மாற்றிவிடுவார்கள்.

படித்தது பி.காம். பிழைப்பது பத்திரிகைகளுக்கு எழுதி. வரவு செலவு எழுதிக் கூட்டினால் என் வாழ்க்கை எந்த மாதமும் டேலி ஆனதில்லை. ஆனாலும் சட்டையில் மட்டும் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. அந்தப் பெருமை எனக்குச் சேராது. எங்கள் ஊர் இஸ்திரிக்கார அண்ணனுக்குச் சேரவேண்டியது.

எங்கள் ஊர் சந்தவாசல். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர் போகிற பஸ்ஸில், ஜவ்வாது மலை ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்க்கிற நேரத்தில், "படவேடு போறவங்கல்லாம் எறங்கு" என்று கண்டக்டர் கத்துவாரே, அந்த இடம். ஆடி வெள்ளிக்கிழமையில் ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்கு நாங்கள் ஒரு திருப்பம், அவ்வளவுதான். அந்தத் திருப்பத்தைத் தாண்டி ஒரு புளியமரம், அதன் கீழ் தள்ளுவண்டி, வண்டி மேல் பித்தளை இஸ்திரிப் பெட்டி, அதன் வயிற்றில் கரி நெருப்பு. பக்கத்தில், மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டில். என் பள்ளிக்கூட யூனிஃபாரம் காலத்திலிருந்து அண்ணன் அங்கேதான் நிற்கிறார்.

அண்ணன் வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் இஸ்திரி என்றால் அப்பாதான். சொம்பில் அடுப்புத் தணலைப் போட்டு, துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, தன் ஒரே வெள்ளைச் சட்டையைத் தேய்ப்பார். தேய்த்துக் கொடியில் மாட்டிவிட்டால் யாரும் கிட்டே போகக்கூடாது. "ஆறட்டும்டா, தொடாதே!" தேய்த்தாகிவிட்டது, அப்புறம் என்ன ஆறுவது என்று நான் நினைப்பேன். அந்த ஒரு வார்த்தையின் அர்த்தம் புரிய எனக்கு முப்பது வயசு தாண்டவேண்டியிருந்தது. ஒரு வேலையும் போகவேண்டியிருந்தது.

* * *

போன ஐப்பசியில் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். கணக்கும் தெரியவேண்டும், நாலு வரி எழுதவும் தெரியவேண்டுமாம். உலகத்தில் எனக்கென்றே ஒரு வேலை! அண்ணன் மூன்று சட்டையையும் தேய்த்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். பையில் வைத்தேன். பையை பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் வைத்தேன். வழியெல்லாம் அடைமழை. ஜன்னல் வழியாக வந்த தண்ணீர் என்னை விட்டுவிட்டு நேராகப் பைக்குள் போயிற்று.

ராத்திரி அக்கா வீட்டில் பையைத் திறந்தால், அன்றைய செய்திகள் எல்லாம் சட்டையில் அச்சாகியிருக்கின்றன.

"அதுக்கு ஏண்டா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறே? மெஷின்ல போடு. துவைச்சு, காயவெச்சே குடுத்துடும்" என்றாள் அக்கா.

இங்கே ஒரு விஷயம். நம் வீடுகளில் 'டிரையர்' என்றால் பெரும்பாலும் செமி ஆட்டோமேட்டிக் மெஷினின் இரண்டாவது தொட்டி. அது காயவைப்பதில்லை. சுற்றுகிற வேகத்தில் தண்ணீரைச் சிதறடிக்கும். பிழிகிற வேலைதான்; சூடு கிடையாது. அக்கா வீட்டில் இருந்தது வேறு ஜாதி. முன்பக்கம் வட்டக் கதவு, உள்ளே சூடான காற்று, துணி புரண்டு புரண்டு காய்ந்து வெளியே வரும். மாமாவின் போனஸ்.

ஒரு மெஷின் இவ்வளவு செய்யும்போது மூன்று சட்டையை மட்டும் போடுவது பாவம் இல்லையா? என் பேண்ட், மாமாவின் லுங்கி, நாலு குளியல் துண்டு, ஒரு பெட்ஷீட், எல்லாவற்றையும் திணித்து, கதவை முழங்காலால் சாத்தினேன். பட்டனை அமுக்கிவிட்டுத் தூங்கிப்போனேன். நடுராத்திரியில் ஏதோ பாட்டு கேட்டது. மாமாவின் செல்போன் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். மெஷின் வேலை முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறது.

காலையில் கதவைத் திறந்தால் பெட்ஷீட் ஒரு பெரிய போண்டா மாதிரி சுருண்டிருந்தது. அதற்குள் பூரணமாக என் சட்டைகள். உருவி எடுத்துப் பார்த்தேன். கரும்பு ஜூஸ் கடையில் மூன்றாவது தடவை பிழிந்துவிட்டுத் தூக்கிப் போடுவார்களே, அந்தச் சக்கை.

"அக்கா, இஸ்திரிப் பெட்டி எங்கே?"

"மெஷின் வந்தப்புறம் அது எதுக்குன்னு மாமா யாருக்கோ குடுத்துட்டாருடா."

கையால் நீவினேன். தண்ணீர் தெளித்தேன். மடித்து, அதன் மேல் உட்கார்ந்தேன். கடைசியில் அதையே போட்டுக்கொண்டு போனேன். எதிரே மூன்று பேர், மூன்று பேர் சட்டையும் கண்ணாடி மாதிரி. நடுவில் இருந்தவர் என் சான்றிதழைப் பார்க்கவில்லை, தோள்பட்டையைப் பார்த்தார். "நேரா பஸ்லேர்ந்து வர்றீங்களா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அதற்கப்புறம் தேய்மானக் கணக்குகூட மறந்துபோயிற்று.

வேலை கிடைக்கவில்லை. கிடைக்காதது எனக்கா, சட்டைக்கா என்று இன்றுவரை தெரியாது.

* * *

ஊருக்கு வந்து அண்ணனிடம் சட்டையைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இதை யார் மேலயாவது கோவத்துல கசக்கினியா?"

சொன்னேன். சிரித்தார். "மெஷினு மேல தப்பில்ல தம்பி. சூடா இருக்கசொல்லோ எடுத்து மாட்டியிருந்தா இந்தக் கதியே இல்ல. துணி எப்படி ஆறுதோ அப்படித்தான் நிக்கும். ஆறுறதுக்குள்ள எடுத்துடணும்."

சொம்பும் கையுமாக அப்பா என் எதிரே வந்து நின்றார்.

பி.காம் மூளைக்கு இது போதவில்லை. புத்தகங்களைப் புரட்டினேன். அண்ணன் சொன்னது அத்தனையும் ரசாயனம்!

பருத்தி என்பது செல்லுலோஸ். நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள், பக்கத்துச் சங்கிலியோடு 'ஹைட்ரஜன் பிணைப்பு' என்கிற கையால் கோத்துக்கொண்டு நிற்கின்றன. தண்ணீர் உள்ளே போனால் கையை விட்டுவிடும். காயும்போது மறுபடி கோத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் துணி எப்படிக் கிடக்கிறதோ, அப்படியே. நேராகக் கிடந்தால் நேர். பெட்ஷீட்டுக்குள் போண்டாவாகக் கிடந்தால் போண்டா. அண்ணன் தேய்ப்பதற்கு முன்னால் தண்ணீர் தெளிப்பது எதற்கு என்று இப்போது தெரிகிறதா? பழைய கையை விடச் சொல்கிறார். பிறகு சூடும் பாரமும் கொடுத்து, நேராகக் கோத்துக்கொள்ளச் சொல்கிறார்.

பாலியெஸ்டர் கதை வேறு. 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்த இழை. டெரிலின், டெரிகாட்டன் என்று நம் அப்பாக்கள் மாப்பிள்ளை முறுக்கோடு திரிந்தது இதன் தயவில்தான். இது தண்ணீருக்கு மசியாது, சூட்டுக்கு மசியும். சுமார் 70, 80 டிகிரியில் இளகும். அந்தச் சூட்டில் கசங்கியபடியே ஆறிவிட்டால், கசங்கல் நிரந்தர டெபாசிட். அமெரிக்க டிரையர்களில் 'பெர்மனென்ட் பிரஸ்' என்று ஒரு திருகு இருக்கும். மந்திரம் ஒன்றுமில்லை. சூட்டைக் குறைத்து, கடைசிச் சில நிமிஷம் சூடில்லாமல் சும்மா உருட்டும். துணி குவிந்து கிடந்து ஆறாமல், புரண்டுகொண்டே ஆறும்.

பருத்தியே கசங்காமல் இருந்தால் என்ன என்று யோசித்தவர்களும் உண்டு. நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ரூத் பெனரிட்டோ அம்மையாருக்கு இதில் பெரிய பங்கு. சங்கிலிகளுக்கு நடுவே ரசாயனத்தால் பாலம் கட்டிவிட்டால் பிடி சுலபமாக நழுவாது. 'ரிங்கிள் ஃப்ரீ' என்று அட்டை தொங்கவிட்டுக் கூடுதலாகக் காசு வாங்குகிறார்களே, அந்தச் சட்டைகளின் பின்னால் இந்த வேலை இருக்கிறது. 2013-ல் 97 வயதில் காலமானார். இப்படி ஒருவர் இருந்தார் என்று தெரியாமலேயே எத்தனை ஆபீஸர்கள் கசங்காமல் ரிட்டையர் ஆகியிருப்பார்கள்!

* * *

இனி, வீட்டில் இப்படிப்பட்ட மெஷின் உள்ள பாக்கியசாலிகளுக்கு, ஒரு வேலையைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டதை இலவசமாகத் தருகிறேன்.

திணிக்காதீர்கள். துவைப்பதும் காயவைப்பதும் ஒரே மெஷின் என்றால், துவைக்கிற அளவைவிடக் காயவைக்கிற அளவு குறைவு. 8 கிலோ துவைக்கிற மெஷின் 5 கிலோதான் காயவைக்கும் என்கிற மாதிரி. (அட்டையில் போட்டிருப்பார்கள். நாம் விலையைத் தவிர எதைப் படிக்கிறோம்?) சட்டை புரள இடம் வேண்டும். பாதிக்குமேல் போடாவிட்டால் உத்தமம்.

சட்டையோடு துண்டு, ஜீன்ஸ், பெட்ஷீட் கூடாது. கனத்த துணி காய நேரமாகும். அதுவரை சட்டை அநாவசியமாக வறுபடும். பெட்ஷீட் போண்டா போட்டுவிடும்.

பிழிகிற வேகத்தைக் குறையுங்கள். சட்டைகளுக்கு நிமிஷத்துக்கு 1200, 1400 சுற்றெல்லாம் வேண்டாம். 800 போதும். பிழிந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து, நம் அம்மாக்கள் மொட்டைமாடியில் 'படார்' என்று உதறுவார்களே, அப்படி உதறிவிட்டுப் போடுங்கள்.

நடுத்தரச் சூடு. மொறுமொறுவென்று காயவிடாமல், லேசான ஈரம் இருக்கும்போதே எடுங்கள். மெஷின் பாட்டுப் பாடியதும் ஓடுங்கள். ஹாங்கரில் மாட்டி, காலர் பட்டனைப் போட்டு, கையால் ஒரு நீவு. மீதி ஈரம் காற்றில் போய்விடும்.

தூங்கிப்போய்விட்டீர்களா? பரவாயில்லை, எனக்குத்தான் இது தெரியாமல் போயிற்று. ஒரு ஈரத் துணியை உள்ளே போட்டு இன்னும் பத்து நிமிஷம் ஓடவிடுங்கள். அதிலிருந்து வருகிற ஆவி சுருக்கத்தை இளக்கிவிடும். இந்தத் தடவை பக்கத்திலேயே நில்லுங்கள்.

அக்கா செய்து பார்த்துவிட்டு போன் பண்ணினாள். "மாமா சட்டை தேய்ச்ச மாதிரி இருக்குடா. இனிமே இஸ்திரிக்கே குடுக்கவேணாம்."

எனக்குத் திக்கென்றது. இதை எழுதி, நீங்கள் எல்லோரும் படித்து, எல்லோர் வீட்டிலும் மெஷின் வந்து... புளியமரத்தடி என்ன ஆவது?

* * *

அண்ணனிடமே கேட்டேன்.

"அட போ தம்பி. சுருக்கம் தானா வர்றது. அது வராம மெஷினு பாத்துக்கும். மடிப்பு நாம வெக்கிறது. பேண்ட்டுல கத்தி மாதிரி ஒரு மடிப்பு, உன் மெஷினை வெக்கச் சொல்லு பாக்கலாம்."

சொல்லிவிட்டு இருமினார். அண்ணனுக்குப் பயம் மெஷின் இல்லை, கரி. இருபத்தைந்து வருஷப் புகை நெஞ்சில் இருக்கிறது. நான் திருவண்ணாமலைப் பெண்ணின் கதையைச் சொன்னேன். வினிஷா உமாசங்கர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சூரிய சக்தியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தவர். 2020-ல் ஸ்வீடனில் குழந்தைகளுக்கான பருவநிலைப் பரிசு கொடுத்தார்கள். 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில், உலகத் தலைவர்கள் முன்னால் நின்று பேசினார். அவருடைய வண்டிக்கு ஐந்து மணி நேர வெயில் கிடைத்தால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம்.

"நம்ம பக்கத்துப் பொண்ணா!" என்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு மலையைப் பார்த்தார். மேகம் பாதி மலையைத் தின்றிருந்தது. "ஐப்பசியில வெயிலுக்கு எங்க போறது?"

"கரன்ட்லயும் ஓட்டலாம்ணே. பேட்டரியும் உண்டு."

"வெலை?"

நான் பி.காம். ஆனாலும் பதில் சொல்லவில்லை. அவர் மறுபடி பெட்டியை எடுத்தார்.

போன வாரம் இன்னொரு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அண்ணன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்தார். சுற்றித்தர செய்தித்தாளை எடுத்தவர், கீழே போட்டுவிட்டார். "இந்த வாட்டி பையில வெக்காத தம்பி. கையிலயே எடுத்துக்கினு போ." காசு நீட்டினேன். "வேலை கெடைச்சப்புறம் சேத்துக் குடு" என்றார். கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் இவரையாவது சேர்க்காமல் இருந்தேன். அதுவும் போயிற்று.

பஸ்ஸில் மேல்கம்பியில் ஹாங்கரை மாட்டி, யார் தோளும் படாமல் கை அணைத்தபடி சென்னை வரை நின்றுகொண்டே போனேன். கண்ணமங்கலம் தாண்டியதும் கண்டக்டர் வந்தார். என்னைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார்.

"இவருக்கு டிக்கெட் எடுத்தாச்சா?"

வேலையா? பதில் இன்னும் வரவில்லை. சட்டை மட்டும் பாஸ்.