காவலுக்கும் காவல்

காஞ்சிபுரத்தை அடுத்த செவிலிமேட்டில் நெய்யப்படும் பட்டுச் சேலையின் மதிப்பு, அதன் சரிகையின் தூய்மையைப் பெரிதும் பொறுத்தது. அத்தூய்மையை விற்பவர் சொல்லைக் கொண்டே அறிவுடையோர் துணியார். சார்பற்ற பிறரொருவர் ஆய்ந்து கூறுவதையே நம்புவர். விற்பவர் நேர்மையுடையவராயினும், தம் சரக்கைத் தாமே மதிப்பிடுதல் முறையாகாதன்றோ?

காட்டைக் காப்பதற்கும் இந்நெறியே பொருந்தும். நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகளில் மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்க வேண்டி, நிலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் 1995ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தை அணுகினார். 'காடு' என்னும் சொல்லுக்கு அகராதி தரும் பொருளையே கொள்ளல் வேண்டும் என்றும், நிலம் எவருடையதாயினும் மைய அரசின் இசைவின்றி அக்காட்டைப் பிற பயனுக்கு மாற்றலாகாது என்றும் 1996 டிசம்பர் 12 அன்று மன்றம் ஆணையிட்டது. தன் ஆணைகள் நிறைவேறுகின்றனவா எனக் கண்காணிக்க 2002இல் தனிக்குழு ஒன்றையும் அமைத்தது.

2023இல் அக்குழு நிலையானதோர் அமைப்பாக்கப்பட்டது. அது நன்றே. ஆயினும், அதன் உறுப்பினரை அமர்த்துவது மைய அரசு. குழுவின் கருத்தை அவ்வரசு ஏற்காவிடின், அரசின் முடிவே இறுதியாகும். காட்டு நிலத்தைப் பிற பணிக்கு விட இசைவளிப்பதும் அவ்வரசே. சரிகை விற்பவர் கையிலேயே உரைகல்லையும் கொடுத்தல் தகுமா?

கிழிந்த சேலைக்கு ஈடாக வேறொன்று நெய்துகொள்ளலாம். அழிந்த காட்டை ஒரு தலைமுறையில் மீட்டல் அரிது. ஆதலின், குழுவினரைத் தேர்வதில் நீதிமன்றத்திற்கும் பங்கிருத்தல் வேண்டும். அவர்தம் அறிக்கைகள் மக்கள் அனைவரும் அறிய வெளிவருதலும் வேண்டும். காவலுக்கும் காவல் இருப்பின், காடு நிலைக்கும்.