டிசியில் எழுதாதது

“ஏனுங்க, கொங்குன்னு போட்டுத் தேடுனா உங்க பழைய இதழ்ல ஒண்ணுமே இல்லைன்னு வருதுங்களே. நீங்க எந்த ஊருங்க?”

போன மாதம் சந்தாதாரர் ஒருவர் ஃபோனில் கேட்டார். இருபது வருடத்துக்கும் மேலாகக் கோவையிலிருந்து வரும் இதழ். பக்கத்துக்குப் பக்கம் கொங்கு இருக்கிறது. தேடினால் இல்லை.

எங்கள் தளத்தின் தேடல் பழைய சிஜிஐ முறையில் ஓடுவது. அதைத் திருப்பூர்க் கணக்கில் சொன்னால் சுலபமாகப் புரியும். நிட்டிங்கிலிருந்து சாயத்துக்கும் அங்கிருந்து காம்பாக்டிங்குக்கும் துணி போகும்போது கூடவே டிசி என்கிற டெலிவரி சலான் போகும். பார்ட்டி யார், எத்தனை ரோல், எத்தனை கிலோ, என்ன கலர் எல்லாம் அதில் இருக்கும். சாயப்பட்டறைக்காரர் துணி கொடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. வெப் சர்வரும் அப்படித்தான். உலாவியிலிருந்து வேண்டுகோள் வந்ததும் அதன் விவரங்களைச் சூழல் மாறிகளில், பெயருக்கு ஒரு மதிப்பாக எழுதிவைத்து ஸ்கிரிப்டைக் கிளப்பிவிடும். ஸ்கிரிப்ட் அதைப் படித்து, பக்கத்தைத் தயார்செய்து கொடுத்துவிட்டுச் செத்துப்போகும். அடுத்த வேண்டுகோளுக்கு அடுத்த டிசி. 1993இல் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ சர்வரில் பிறந்த ஏற்பாடு இது. முறையான ஆவணமாக வெளிவந்தது 2004இல்தான்.

இந்த டிசியில் இரண்டு பேர் கையெழுத்து கலந்திருக்கும். ‘ரிமோட் அட்ரஸ்’ வாட்ச்மேன் எழுதுவது: வண்டி எங்கிருந்து வந்தது என்று சர்வர் தானே பார்த்தது. ‘எச்டிடிபி’ என்று தொடங்குபவை பார்ட்டி சொன்னவை. நிஜமும் இருக்கும், புளுகும் இருக்கும். பார்ட்டி சொன்னதை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பது 2014 செப்டம்பரில் தெரிந்தது. மாறியின் மதிப்பு ஒரு குறிப்பிட்ட வடிவில் தொடங்கினால், கட்டளைகளை ஓட்டும் பாஷ் என்கிற ஷெல் அதன் வாலில் ஒட்டியிருந்த கட்டளையையும் சேர்த்து ஓட்டியது. உலாவி தன் பெயரைச் சொல்லும் இடத்தில் கட்டளையை எழுதி அனுப்பினால் போதும். ஷெல்ஷாக் என்று பெயர் வைத்தார்கள். கால் நூற்றாண்டாக அங்கேயே கிடந்த பிழை.

எங்களுடையது அவ்வளவு பெரிய சங்கதி இல்லை. தேடுசொல் ‘குவெரி ஸ்ட்ரிங்’ என்ற மாறியில் வரும். தமிழ் அதில் தமிழாக வராது. ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக்குறியும் இரண்டு எழுத்துமாக உருமாறும். கொங்கு என்பது யூனிகோடில் 6 குறி, 18 பைட்; டிசியில் 54 எழுத்து. எந்தக் குறியாக்கத்தில் எழுதியது என்று மட்டும் அந்த மாறி சொல்லாது. டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொன்று வைத்திருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பது அன்று தளம் நடத்தியவர்களுக்குத் தெரியும். 2010 ஜூனில் கோவை கொடிசியாவில் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தபோதுதான் யூனிகோடை ஏற்று அரசாணை வந்தது. ஊரே அலங்கார ஊர்திகளைப் பற்றிப் பேசியது. அந்த அரசாணையைப் பற்றி ஒரு டீக்கடையிலும் பேச்சில்லை. தமிழ் கணினியில் வாழும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதே இல்லை என்பது எங்கள் நெடுநாள் மனத்தாங்கல்.

ஆனால் நாங்கள் மட்டும் எட்டிப்பார்த்தோமா? பழைய இதழ்களை டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்குக் கொண்டுவந்தபோது, மாற்றுநிரல் ‘கொ’வின் கொம்பையும் காலையும் சேர்க்காமல் தனித்தனியாக விட்டிருக்கிறது. அந்தக் கொங்குக்கு 7 குறி, 21 பைட். திரையில் இரண்டும் ஒரே சொல். ஸ்கிரிப்டுக்கு இரண்டும் வேறு வேறு. எத்தனை முறை மெய்ப்புப் பார்த்தாலும் கண்ணில் படாத பிழை.

இரண்டையும் ஒரே வடிவாக்கி ஒப்பிட ஒரு வரி சேர்த்தோம். அன்று சாயங்காலம் அந்தச் சந்தாதாரரே கூப்பிட்டார்.

“வந்துருச்சுங்க. 2004ல நான் எழுதுனதும் வந்துருக்குது. எம்பேர்ல ஒரு எழுத்து தப்புங்க.”