டெஸ்ட் நார்மல்... ஆனா மறதி நிஜம்!

கீமோதெரபி முடிந்து ஆறு மாதம். வேலைக்குத் திரும்பியவருக்கு மீட்டிங்கில் சொல்ல வந்த வார்த்தை நாக்கு நுனியிலேயே நிற்கிறது. நினைவாற்றல் டெஸ்ட் எடுத்தால், ரிசல்ட் நார்மல். ‘எல்லாம் மனப்பிரமை, விடு’ என்கிறார்கள் வீட்டில். அவ்வளவுதானா?

இல்லை. ‘கீமோ பிரெய்ன்’ எனப்படும் இந்தச் சிக்கலை அளக்க, நோயாளியிடமே கேட்கும் ‘ஃபேக்ட்-காக்’ என்ற கேள்வித்தாள் இருக்கிறது. கடந்த 7 நாட்களில் கவனம் சிதறியதா, வார்த்தை வர மறுத்ததா, மற்றவர்கள் அதைக் கவனித்துச் சொன்னார்களா என 37 கேள்விகள்.

2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 581 பெண்களும், புற்றுநோய் இல்லாத 364 பெண்களும் இதற்குப் பதில் சொன்னார்கள். கீமோ முடிந்து 6 மாதம் ஆன பிறகும், சிகிச்சைக்கு முன்பைவிட நிலை இறங்கியிருந்தது 36.5% பேருக்கு. புற்றுநோய் இல்லாதவர்களில் அது 13.6% தான்.

அப்புறம் ஏன் டெஸ்டில் தெரிவதில்லை? டெஸ்ட் நடப்பது அமைதியான அறையில். ஒரு நேரத்தில் ஒரே வேலை. ஆபீஸில் போன் அடிக்கும், மெயில் வரும், பக்கத்தில் ஒருவர் பேசுவார். நோய்க்கு முன் அவர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தார் என்பதும் டெஸ்டுக்குத் தெரியாது. அவருக்குத்தான் தெரியும்.

கேள்வித்தாளுக்கும் குறை உண்டு. களைப்பு, மனச்சோர்வு இருந்தாலும் மதிப்பெண் இறங்கும். ஆனால், அவையும் கவனிக்க வேண்டியவைதானே?

ஃபாலோ-அப் வரும்போது ஸ்கேன் பார்க்கும் டாக்டர்கள், ‘ஞாபகம் எப்படி இருக்கு?’ என்றும் கேட்க வேண்டும். பதிலை ஃபைலில் எழுத வேண்டும்.