தாய்ப்பாலும் டின் பாலும்

சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்குச் சென்று, அங்கிருந்து கரடியூர்ப் பக்கம் போகிறவர்கள் காட்சிமுனையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சில்வர் ஓக் மரமும், அதில் படர்ந்த மிளகுக் கொடியும், அதன் நிழலில் காப்பிச் செடியும் அவர்கள் கண்ணுக்கு விருந்து. அந்தச் செடியடியில் நின்று பழம் பறிக்கும் பெண்ணின் கைக்குழந்தை காலையிலிருந்து மாலை வரை எதைக் குடித்து உயிர் வாழ்கிறது என்ற கேள்வி அவர்களுக்கு எழுவதில்லை. தொழிலாளிகளாகிய நமக்கு அது எழுந்தே தீரவேண்டும்.

பிள்ளைக்கு ஏன் புட்டிப்பால் கொடுக்கிறாய் என்று கேட்டால் அதற்கு ஒரு தயாரான பதில் நம் நாட்டுப் பெரிய மனிதர்களிடம் உண்டு. நாகரிக மோகம் என்பார்கள். பட்டணத்துச் சீமாட்டிகளைப் பற்றி அப்படிச் சொல்வது சரியோ தவறோ, நமக்குத் தெரியாது. ஆனால் மஸ்டர் ரோலில் பெயர் விழாமல் போய்விடுமோ என்று பயந்து, பிள்ளையை மூத்த மகளிடம் விட்டு ஓடிவருகிற பெண்ணுக்கு மோகம் ஏது? அவள் மார்பில் பால் இருக்கிறது. பாலூட்ட நேரம் இல்லை. பிரச்னை இதுதான்.

இந்தப் பிரச்னையை லாபமாக மாற்றிய கதை பழையது. 1939-ல் சிங்கப்பூரில், ரோட்டரி சங்கத்தின் மேடையிலேயே, டாக்டர் சிஸிலி வில்லியம்ஸ் என்ற மாது "பாலும் கொலையும்" என்ற தலைப்பில் பேசினார். இனிப்பூட்டிய கெட்டிப் பாலைத் தாய்ப்பாலுக்கு ஈடு என்று விற்றதால் குழந்தைகள் மடிகின்றன; இது கொலைதான் என்று அவர் சொன்னார். நர்ஸ் உடையில் பெண்களை அனுப்பி டின் விற்ற காலம் அது. நம் ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிய குடும்பங்கள் மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பால் வடித்துக்கொண்டிருந்த காலமும் அதுவே.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1974-ல், லண்டனில் "வார் ஆன் வான்ட்" என்ற ஸ்தாபனம் இதே வியாபாரத்தை அம்பலப்படுத்திப் பிரசுரம் வெளியிட்டது. 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே கம்பெனியின் சரக்கைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் மூண்டது. 1981 மே மாதம் உலக சுகாதார மகாநாடு, டின் பால் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளை நிறைவேற்றியது. ஆதரவாக 118 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்த நாடு ஒன்றே ஒன்று. அது அமெரிக்கா என்று சொன்னால் வாசகர்கள் வியப்படையப் போவதில்லை.

இந்தியாவில் 1992-ல் சட்டம் வந்தது. 2003-ல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. பால் பவுடர், பால் புட்டி, இரண்டு வயது வரையிலான குழந்தை உணவு ஆகியவற்றுக்கு விளம்பரம் கூடாது. இலவச சாம்பிள் கூடாது. டின்னின் மேல் குழந்தைப் படம் கூடாது. ஆஸ்பத்திரிச் சுவரில் கம்பெனியின் போஸ்டர் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் 2024-ல் வெளிவந்த செய்தியைப் பாருங்கள். ஸ்விட்சர்லாந்திலுள்ள "பப்ளிக் ஐ" ஸ்தாபனம் பரிசோதித்ததில், இந்தியாவில் விற்கும் செரலாக் மாவில் வேளைக்கு ஏறக்குறைய 3 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது. ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அதே சரக்கு சர்க்கரை சேர்க்காமல் விற்கப்படுகிறது. காப்பித் தூளும் குழந்தை மாவும் விற்பது ஒரே கம்பெனி. காப்பி பறிப்பவளின் பிள்ளைக்கு ஒரு தரம், வெள்ளைக்காரர் பிள்ளைக்கு இன்னொரு தரம்!

கணக்கைப் பார்ப்போம். மூன்று மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 கிராமுக்கு மேல் பவுடர் வேண்டும். 400 கிராம் டின் நான்கு நாளைக்கு மேல் வராது. மாதம் ஏழெட்டு டின். டின் 400 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 3,000 ரூபாய். இதைக் கூலிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாரக் கடைசியில் பவுடர் குறையக் குறைய, இரண்டு கரண்டி ஒன்றாகிறது, தண்ணீர் கூடுகிறது. பால் வெள்ளையாகவே இருக்கிறது, குழந்தை மெலிகிறது. விறகைச் சிக்கனம் பண்ணித் தண்ணீர் சரியாகக் கொதிக்காவிட்டால் வயிற்றுப்போக்கு. இதில் தாயின் குற்றம் எங்கே?

சட்டத்தில் தாய்க்கு இடமே இல்லையா? இருக்கிறது. 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1961-ம் ஆண்டு மகப்பேற்றுச் சட்டம், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில், வழக்கமான ஓய்வு போக, பாலூட்ட இரண்டு இடைவேளை தந்தது. 2017-ல் பேறுகால விடுப்பு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரமாயிற்று. 2025 நவம்பர் 21 முதல் இவையெல்லாம் புதிய தொகுப்புச் சட்டங்களுக்குள் போய்விட்டன. எனினும் 26 வாரமும், இரண்டு இடைவேளையும், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் காப்பகமும், தாய் நாளைக்கு நான்கு முறை அங்கு சென்று வரும் உரிமையும் அவற்றில் எழுதப்பட்டிருக்கின்றன.

எழுத்தில் இருப்பது காட்டுக்குள் வரவில்லை என்றால் காரணம் தெளிவு. பேறுகாலப் பணம் பெற ஓராண்டில் 80 நாள் வேலை காட்டவேண்டும். பறிப்புக்கு மட்டும் காண்டிராக்டர் கூட்டிவரும் பெண்ணுக்கு அதை யார் எழுதிக் கொடுப்பார்கள்? சேர்வராயன் மலையில் சிறு தோட்டங்கள் பல. 50 பேர் என்ற வேலியைத் தாண்டாதவை. எடைக்குக் கூலி என்றால் பாலூட்டப் போகும் அரைமணி நேரம் கூடையில் குறைகிறது. இடைவேளை என்பது கூலி வெட்டாகிவிடுகிறது. சமவெளியில் நாற்று நடும் சகோதரிக்கோ இந்தச் சட்டமே கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள 18,000 ரூபாய்த் திட்டம் உதவிதான். ஆனால் அது ஆறு மாதக் கூலியல்ல.

போராட்டம் ஒருபுறம் இருக்கட்டும். குழந்தை நாளைக் காலையிலும் அழும். வேலைக்குத் திரும்பும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும்; தண்ணீர்கூட வேண்டாம். காலையில் கிளம்புமுன்னும், திரும்பியதும், இரவிலும் ஊட்டினால் பால் வற்றாது; குடிக்கக் குடிக்கவே சுரக்கும். கொதிநீரில் சுத்தம் செய்த மூடிபோட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் கையால் கறந்து வைத்தால், நிழலான இடத்தில் நான்கு மணி நேரம் கெடாது. அதைப் பாலாடையிலோ சங்கிலோ புகட்டுங்கள். நம் பாட்டிமார் கையாண்ட இந்தப் பாத்திரத்தைக் கழுவுவது சுலபம். புட்டியின் ரப்பர்க் காம்புக்குள் ஒளிந்திருக்கும் அழுக்கு இதில் தங்காது. இன்றைய டாக்டர்களும் பாலாடையையே சிபாரிசு செய்கிறார்கள்.

தாய் நோயுற்றாலோ, இறந்தாலோ, டாக்டர் சொன்னாலோ டின் பால் தேவைப்படும். அது விஷமல்ல, அதைக் கொடுப்பவளை ஏளனம் செய்யும் உரிமை யாருக்கும் கிடையாது. டின்னில் எழுதியிருக்கும் அளவை மட்டும் குறைக்கவேண்டாம். கொதித்த நீரில், சூடு நன்றாக இருக்கும்போதே கலக்கி, ஆறவைத்துக் கொடுக்கவேண்டும். மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. தாய்ப்பாலை நிறுத்துவதானால் ஒரே நாளில் நிறுத்தாமல், சில நாளைக்கு ஒரு வேளையாகக் குறையுங்கள். இல்லையேல் மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும். ஆறு மாதத்துக்குப் பின் கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதம், முட்டை, பழம். கூடவே இரண்டு வயது வரை தாய்ப்பாலும்.

நிர்வாகங்களிடம் கேட்கவேண்டியவை மூன்று. காண்டிராக்ட் பெண்களையும் சேர்த்து எண்ணி, பறிக்கும் காட்டுக்கு அருகிலேயே ஆயாவுடன் காப்பகக் கொட்டகை போடவேண்டும். பாலூட்டும் நேரத்துக்கு, அந்தப் பெண்ணின் சராசரி எடையைக் கணக்கிட்டுக் கூலி தரவேண்டும். வேலை செய்த நாளுக்கெல்லாம் எழுத்தில் சீட்டு வேண்டும். நவம்பர் கடைசியில் பழம் சிவக்கத் தொடங்கும். அதற்கு முன்பே கரடியூர் பெண்களின் கையெழுத்தோடு மனு நிர்வாகத்தின் மேஜைக்குப் போய்ச் சேரவேண்டும்.