சொல்லிவிட்டால்தான் என்ன?

கல்லாவி, சாமல்பட்டி, ஊத்தங்கரைப் பக்கத்து ஆட்களுக்கு வேற்றூர் என்றால் சிங்கப்பூரும் துபாயும் பிறகுதான், முதலில் பெங்களூரு. அதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம். ஓசூரைத் தாண்டி ஜூஜுவாடியில் தமிழ்நாடு முடிகிறது, அத்திப்பள்ளியில் கர்நாடகம் தொடங்குகிறது. சென்ட்ரிங் வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் போகிறவர்கள் சில வாரங்களில் சிலவற்றைத் தாமாகப் பழகிக்கொள்கிறார்கள். ஆட்டோக்காரரிடம் முதல் வார்த்தை கன்னடத்தில் இருந்தால் நல்லது. காவிரிச் செய்தி சூடாக இருக்கும் நாட்களில் பேருந்தில் உட்கார்ந்து செல்போனில் தமிழில் உரக்கப் பேசக் கூடாது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தந்த பாடமில்லை இது. 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தையும், 2016 செப்டம்பர் 12 அன்று ஒரே பணிமனையில் தமிழகத் தனியார் நிறுவனத்தின் பேருந்துகள் வரிசையாக எரிந்ததையும் கண்ட தலைமுறைகள் ஜாடையாகக் கடத்திவந்த அறிவு. பந்த் நாளில் ஜூஜுவாடியோடு பேருந்து நின்றுவிட, மூட்டையும் குழந்தையுமாக எல்லையை நடந்தே கடந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது அதே கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வெளியாட்கள் வருகிறார்கள். ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட் வளாகங்களைச் சுற்றி ஒடியாவும் இந்தியும் காதில் விழுகின்றன. ஓசூர் அருகே ஐபோன் தொடர்பான தொழிற்சாலையில் அறுபதாயிரம் பேர் வேலை செய்வார்கள், முதல் ஆறாயிரம் பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் என்று ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2022 நவம்பரில் சொன்னார். ராஞ்சியிலிருந்து வருகிற பெண்ணுக்கு ஓசூர் வெளிநாடுதான். மொழி வேறு, எழுத்து வேறு, சோறு வேறு.

அந்தப் பெண் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சமா? ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டால் அது விருந்துக்கு அழைப்பு அல்ல, ‘ஆச்சுக்கா’ என்றால் போதும். இடக்கையால் பணம் நீட்டினால் கடைக்காரர் முகம் சுளிக்கும். வீட்டுக்கார அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. குழாயடியில் ஆள் இல்லாமல் குடம் மட்டும் நின்றாலும் அது வரிசைதான்; அதை நகர்த்தினால் சண்டை. (சிங்கப்பூர் உணவங்காடியில் மேசைமேல் கிடக்கும் டிஷ்யூ பாக்கெட்டுக்கும் இதே அதிகாரம் உண்டு. அங்கே போன நம் பையன்கள் அதை எடுத்து வாய் துடைத்து வசை வாங்காமலா இருந்திருப்பார்கள்?)

பெங்களூரில் பட்டவர்கள் இங்கே நல்ல விருந்தோம்பிகளாக இருப்பார்கள் என்று எதிர்பார்ப்போம். நான் பார்த்தவரை அப்படி இல்லை. ‘இவங்களுக்கு ஒண்ணும் தெரியல’ என்ற சலிப்புதான் அதிகம். இதற்குக் கெட்ட மனம் காரணமல்ல. பிறந்து வளர்ந்த ஊரில் விதி விதியாகவே தெரிவதில்லை, அது இயல்பாகத் தெரிகிறது. ஆனால் சொல்லாமல் வைத்திருப்பதில் ஓர் ஆதாயமும் இருக்கிறது. சொல்லாத விதியை ஆளுக்கு ஏற்றபடி மாற்றலாம். மீறியதாக யார்மேலும் குற்றம் சாட்டலாம். மேற்பார்வையாளருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் இந்த வசதி பிடித்துத்தான் இருக்கிறது.

விதிகளைச் சொல்லித்தருவதில் சிங்கப்பூர் பாதி வழி வந்திருக்கிறது. 2018 அக்டோபர் முதல், கட்டுமான வேலைக்கு முதன்முறையாக வருகிறவர்களுக்கு ஒருநாள் அறிமுகப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. தொழிலாளியின் தாய்மொழியிலேயே நடக்கிறது, தமிழிலும் உண்டு. அந்த ஊர் நடைமுறை, சட்டம், சம்பளம் வராவிட்டால் யாரிடம் போவது என்பதெல்லாம் அதில் வருகின்றன. வளைகுடா போகிறவர்களுக்கு நம் வெளியுறவு அமைச்சகமும் பயணத்துக்கு முந்தைய ஒருநாள் பயிற்சியை 2018இல் தொடங்கியது. நல்ல வேலை. ஆனால் இரண்டுமே வருகிறவருக்கு மட்டும் பாடம் எடுக்கின்றன. இருக்கிறவருக்குப் பாடம் இல்லை. 2008இல் செராங்கூன் கார்டன்ஸ் குடியிருப்பாளர்கள், வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதி தங்கள் பகுதியில் வேண்டாமென்று மனுப் போட்டார்கள். விடுதி வந்தது, கூடவே, குடியிருப்புத் தெருக்களைத் தொடாமல் போய்வரத் தனிச் சாலையும் வந்தது. ‘எங்கள் கண்ணில் படாதே’ என்ற அந்த விதியை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தர முடியாது. சொன்னால் சொல்பவருக்கே கூசும்.

விதிகளை வாய்விட்டுச் சொல்லச் சொல்வதன் முழுப் பயனும் இந்தக் கூச்சத்தில்தான் இருக்கிறது. குடத்தை நகர்த்தாதே என்பதைப் பலகையில் எழுதலாம். ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் மாடிப்படியில் மெதுவாக ஏறுங்கள் என்றும் எழுதலாம். வடக்கத்திக்காரர் என்றால் வாடகை கூட என்று எழுத முடியுமா? வீடு பார்க்க வந்தவரிடம் ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று சுற்றி வளைத்துச் சாதி கேட்கிறோமே, அதை எழுதி மாட்டுவோமா? பெங்களூரில் நம்மிடமும் அதைத்தான் கேட்டார்கள், ‘சைவமா?’ என்ற முகமூடியோடு. இவற்றுக்கெல்லாம் ‘அனுசரித்துப் போ’ என்று புதியவருக்கு அறிவுரை சொல்வது பண்பாடு கற்பிப்பது ஆகாது.

மௌனத்துக்கு விலையும் கொடுத்திருக்கிறோம். 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. தமிழ்நாடு காவல்துறை இந்தியிலும் விளக்கம் கொடுத்தது. அதற்குள் ரயிலேறியவர்கள் ஏறிவிட்டார்கள். ‘இது நிஜமா அக்கா?’ என்று கேட்க உள்ளூரில் ஒரு முகம் பழகியிருந்தால் வதந்திக்கு அவ்வளவு வேகம் இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

ஓசூருக்கு இப்படி முகம் பழகுவது பெரிய காரியமல்ல. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் ஊர் அது. சந்தையில் ஆளைப் பார்த்து மொழியை மாற்றும் காய்கறிக்காரர் இன்றைக்கு இந்தியில் விலை சொல்லவும் கற்றுவிட்டார். சிப்காட் நிறுவனங்களில் வேலையில் சேரும் முதல் நாள் ஹெல்மெட்டும் ஷிப்ட் நேரமும் பற்றிப் பேசுகிறார்கள். அதில் அரை மணி நேரத்தை, கல்லாவியிலோ போச்சம்பள்ளியிலோ இருந்து வேலைக்கு வரும் ஒரு பெண்ணிடம் கொடுங்கள். ஊரைப் பற்றி அவர் பேசட்டும், மொழிபெயர்க்க ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். இன்னோர் அரை மணி நேரம் வீட்டு உரிமையாளர்களுக்கும் விடுதி நடத்துபவர்களுக்கும் தேவை. அவர்கள் தங்கள் விதிகளை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, வாடகை ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். முதல் வரியில் வாடகை இருக்கட்டும், யார் வந்தாலும் ஒரே தொகையாக.