ஒருமித்து இசைத்தல்

தமிழில் இசை என்னும் சொல்லுக்குப் பாட்டு என்பதும் பொருள். புகழ் என்பதும் பொருள். உடன்படுதல் என்பதும் பொருள். ‘அவர் இதற்கு இசைந்தார்’ என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். ஒருவர் தனித்துப் பாடும்போது முதற்பொருள் ஒன்றே விளங்குகிறது. பலர் கூடி, தத்தம் குரலைப் பிறர் குரலுக்கு இசைய அடக்கிப் பாடும்போதுதான் இசையும் இசைவும் ஒன்றாகின்றன. அவ்வாறு கூடிப் பாடுவதையே பல நூற்றாண்டுகளாகத் தொண்டாகவும் தொழிலாகவும் கொண்டு வரும் ஒரு மரபைப் பற்றி இம்மாதம் எழுத முற்பட்டோம். அஃது இங்கிலாந்துத் திருச்சபையின் பேராலயப் பாடற்குழு மரபு. நம் சங்கத்தில் பல சமயத்தாரும் உளர். ஆயினும் இதனைக் கிறிஸ்தவ அன்பர்க்கு மட்டும் உரிய செய்தி என்று எவரும் ஒதுக்க வேண்டா. சொந்த ஊரை விட்டு வந்து மைசூரில் பிள்ளைகளை வளர்க்கும் நம் அனைவருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

பேராலயம் என்பது பேராயரின் இருக்கை அமைந்த கோயில். அங்கே பாடற்குழுவினர் சபையாரை நோக்கி நிற்பதில்லை. நடுவே வழி விட்டு, தெற்கே ஒரு வரிசையும் வடக்கே ஒரு வரிசையுமாக, ஒருவரை ஒருவர் நோக்கி நிற்கின்றனர். ஒரு வரிசை ஒரு வசனத்தைப் பாட, மறு வரிசை அடுத்த வசனத்தைப் பாடும். சில இடங்களில் இரண்டும் சேர்ந்து முழங்கும். ஒவ்வொரு வரிசையிலும் நான்கு வகைக் குரல்கள் உண்டு. எல்லாவற்றிலும் உயர்ந்த குரலுக்குச் சிறுவர். ஆல்ட்டோ, டெனார், பாஸ் என்னும் மற்ற மூன்றுக்கும் பெரியவர். எட்டு வயதுச் சிறுவனும் நரை திரண்ட முதியவரும் ஒரே வரிசையில், ஒரே வேலைக்கு நிற்கும் காட்சி உலகில் அரிது.

இவர்கள் பாடுவது விழா நாளில் மட்டும் அன்று. மரபு பிறழாத பேராலயங்களில் வாரத்தின் பெரும்பாலான நாட்களில் மாலை வழிபாடு பாட்டாகவே நடைபெறுகிறது. விவிலியத்தின் சங்கீதங்கள் நூற்றைம்பது. பொது வழிபாட்டு நூல் அவற்றை முப்பது நாட்களுக்குக் காலையும் மாலையுமாகப் பங்கிட்டு வைத்திருக்கிறது. பதினைந்தாம் நாள் மாலைக்கு வாய்ப்பது எழுபத்தெட்டாம் சங்கீதம். அது ஒன்றே 73 வசனங்கள். கேட்பார் பத்துப் பேர் வந்தாலும், எவரும் வாராவிடினும், பாட்டு நிற்பதில்லை. இம்மரபின் உயிர் இந்த விடாப்பிடியிலேதான் இருக்கிறது.

சங்கீதங்களை அவர்கள் பாடும் முறை எளிமையும் நுட்பமும் உடையது. ஒரு வசனம் இரண்டு பாதியாகப் பிரிகிறது. முதற்பாதியில் பெரும்பகுதிச் சொற்களும் ஒரே சுரத்தில் ஓதப்படுகின்றன. முடிவில் மட்டும் மூன்று சுரங்கள் மாறுகின்றன. இரண்டாம் பாதியிலும் அவ்வாறே ஓதி, ஐந்து சுரங்களில் முடிக்கின்றனர். ஆக மொத்தம் பத்தே சுரங்கள். வசனம் குறுகியதாயினும் நீண்டதாயினும் அந்தப் பத்துச் சுரங்களுக்குள் அடங்கிவிடும். ஓதும் சுரம் எத்தனை சொற்களையும் தாங்கும். சொற்கள் பேசும் நடையிலேயே செல்ல வேண்டும் என்பதே இங்கே விதி. முப்பது வாய்கள் ஒரே கணத்தில் மூச்சு விட்டு, ஒரே கணத்தில் மெய்யெழுத்தை மூடுவதுதான் அரிய கலை. ஒருவன் குரல் தனித்துக் கேட்டால் அவன் நன்றாகப் பாடினான் என்று எவரும் சொல்வதில்லை. தவறினான் என்றே சொல்வர்.

சொல்லுக்கு முதன்மை தரும் இக்கொள்கை அம்மரபின் தொடக்கத்திலேயே ஊன்றப்பட்டது. 1549-இல் வழிபாடு லத்தீனை விட்டு மக்கள் மொழியாகிய ஆங்கிலத்தில் அமைந்தது. அடுத்த ஆண்டு ஜான் மெர்பெக் என்பார் அவ்வழிபாட்டுக்கு இசை அமைத்து ஒரு நூல் வெளியிட்டார். பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரு சுரம் என்பதே அவர் கைக்கொண்ட முறை. பின்னர் தாலிஸ், பேர்ட் போன்ற பெரும்புலவர்கள் பல குரல்கள் பின்னிப் படரும் அரிய படைப்புகளை அளித்தனர். எனினும் சொல் இசைக்குள் புதைந்து போகலாகாது என்னும் எச்சரிக்கை மட்டும் நிலைத்து நின்றது.

இத்துணைச் சிறப்பும் ஒருமுறை அறுந்து போயிற்று. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்ட காலத்தில், 1644-இல், ஆலயங்களிலுள்ள ஆர்கன்களை அகற்றுமாறு பாராளுமன்றம் ஆணை பிறப்பித்தது. அடுத்த ஆண்டு வழிபாட்டு நூலும் தடை செய்யப்பட்டது. பாடற்குழுக்கள் கலைந்தன. 1660-இல் மன்னராட்சி மீண்டபோது நூல்கள் தேடி எடுக்கப்பட்டன. ஆர்கன்கள் மீண்டும் செய்யப்பட்டன. பழைய பாடகர் சிலரும் உயிரோடு இருந்தனர். ஆனால் சிறுவர் இல்லை! பாடத் தெரிந்த ஒரு சிறுவனும் அகப்படாமையால், ஓர் ஆண்டுக்கு மேல் உயர்குரற் பகுதியைக் கார்னெட் என்னும் ஊதுகருவியைக் கொண்டும், ஆடவரின் பொய்க்குரலைக் கொண்டும் நிரப்ப நேர்ந்ததை அக்காலத்து இசையறிஞர் மாத்யூ லாக் எழுதி வைத்திருக்கிறார். நாம் இதனை ஊன்றிச் சிந்திக்க வேண்டும். பதினாறே ஆண்டுகள் வாய் மூடியிருந்தமையால் ஒரு தலைமுறைச் சிறுவர் அப்பாட்டைக் கேளாமலே வளர்ந்துவிட்டனர். ஏட்டைப் பூட்டி வைத்துப் பின்னர் திறந்து கொள்ளலாம். குரலை அவ்வாறு பூட்டி வைக்க இயலாது.

மரபு மீண்டும் தளிர்த்தது. பர்சல் போன்ற மேதைகள் அதிலிருந்தே தோன்றினர். இடையில் சோர்வு நேர்ந்தபோதெல்லாம் சீர்திருத்துவோரும் எழுந்தனர். 1880-இல் ட்ரூரோ நகரில் தொடங்கிய ஒன்பது வாசகங்களும் பாடல்களும் கொண்ட கிறிஸ்துமஸ் வழிபாடு, 1918-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் புதுவடிவம் பெற்று உலகெங்கும் பரவிற்று. 1926 முதல் மாலைப் பாட்டு வழிபாட்டை பி.பி.சி. வானொலி ஒலிபரப்பி வருகிறது. நெடுங்காலம் சிறுவர்க்கே உரியதாயிருந்த உயர்குரல் வரிசையிலும் மாற்றம் வந்தது. 1991-இல் சால்ஸ்பரி பேராலயம் சிறுமியர்க்கெனத் தனிக் குழு அமைத்தது. பிற பேராலயங்களும் பின்பற்றின. வாழும் மரபு மாறாமலிருப்பதில்லை. மாறிக்கொண்டே தொடர்வது அது.

இம்மரபு நம் தமிழகத்துக்கு வந்த கதையும் சுவையுடையது. சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயம் 1680-இல் அர்ப்பணம் செய்யப்பட்டது; இந்தியாவில் இங்கிலாந்துத் திருச்சபையார் எழுப்பிய ஆலயங்களுள் அதுவே முதலாவது. 1816-இல் புனித ஜார்ஜ் ஆலயம் அர்ப்பணமாயிற்று. 1835-இல் சென்னைக்கெனப் பேராயர் ஒருவர் நியமனம் பெறவே, அது பேராலயமாயிற்று. 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கன் சபையாரும் வேறு சில சபையாரும் ஒன்றுபட்டுத் தென்னிந்தியத் திருச்சபையைத் தொடங்கியதும் அங்கேதான். பல குரல்கள் ஒன்றிய இடம் என்று அதனை இருபொருள்படச் சொல்லலாம்.

ஆங்கிலப் பாட்டு ஆங்கிலேயர்க்கு உரிய அளவில் சிக்கல் எழவில்லை. அதே மெட்டுகளில் தமிழைப் பாடத் தொடங்கியபோதுதான் சிக்கல் எழுந்தது. ஆங்கிலச் செய்யுள் அழுத்தத்தால் நடப்பது. தமிழ்ச் செய்யுள் குறில் நெடிலால் நடப்பது. அழுத்தம் விழும் இடத்தில் மெட்டு நீளும். அங்கே ஒரு குறில் அகப்பட்டுக்கொண்டால் ‘படம்’ ‘பாடம்’ ஆகும். ‘பல்’ ‘பால்’ ஆகும். நான்கு குரல்கள் ஒருங்கே செல்லும் கட்டுக்கோப்பில் நம் இராகங்களின் கமகத்துக்கும் இடம் குறைவு. ஆகவே தமிழ்க் கிறிஸ்தவரின் உள்ளம் தன் வழியே கீர்த்தனையைத் தேடிற்று. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இராக தாளங்களோடு பாடிய பாடல்கள் மக்கள் நாவில் நின்றன. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சேற்றினார். நெல்லைச் சீமையில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) வைணவப் பாசுரங்களில் ஊறிய தமிழைக் கிறிஸ்தவப் பாட்டுக்குக் கொணர்ந்தார். இசையறிஞர் பாப்லி போன்ற வெளிநாட்டாரும் நம் இசையைக் கற்று அதன் வழியே பாடினர்.

எனினும் பேராலய முறையும் தமிழில் ஒரு வகையில் வேரூன்றிற்று. முன்னே நாம் விளக்கிய பத்துச் சுர ஓதல் முறை, சொல்லின் இயல்பான நடைக்கு இடம் கொடுப்பதால், மெட்டுப் பாட்டைக் காட்டிலும் தமிழுக்குப் பொருந்தி வந்தது. நெல்லைப் பக்கத்து ஆங்கிலிக்கன் மரபுச் சபைகளில் சங்கீதங்களைத் தமிழில் அவ்வாறு ஓதிப் பாடும் பழக்கம் ஏற்பட்டது. ஒரே ஆராதனையில் அந்த ஓதலும், நாற்குரற் பாமாலையும், கைத்தாளத்தோடு கூடிய கீர்த்தனையும் அடுத்தடுத்து ஒலிப்பதை நெல்லை அன்பர் பலர் அறிவர். ஒன்று வந்ததால் மற்றொன்று அழியவில்லை.

இரண்டு இசையும் ஓர் உள்ளத்தில் குடியிருக்கலாம் என்பதற்கு நம் மைசூரே சான்று. கம்பெனி காலத்தில் ஆங்கிலேயர்க்காக எழுந்த புனித பார்த்தலோமேயு ஆலயம் இந்நகரில் இன்றும் நிற்கிறது. அரண்மனையோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஜயசாமராஜ உடையார் (1919–1974) பியானோ பயின்று லண்டன் கில்ட்ஹால் இசைப் பள்ளியின் பட்டயம் பெற்றவர். 1948-இல் லண்டன் பில்ஹார்மோனியா கச்சேரிச் சங்கத்தின் முதல் தலைவரானவர். ரிச்சர்ட் ஸ்டிராஸின் ‘நான்கு இறுதிப் பாடல்கள்’ 1950 மே 22-இல் லண்டனில் அரங்கேறியது அவர் தந்த பொருளுதவியால். அவரேதான் கர்நாடக இசையில் 94 கிருதிகளை இயற்றி, அவற்றில் ஸ்ரீவித்யா முத்திரையும் பதித்தார்.

இனி மைசூரிலிருந்து சற்றேறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் செல்வோம். மேல்கோட்டைத் திருநாராயணன் கோயிலில் இராமாநுசர் காலந்தொட்டு நம் ஆழ்வார்களின் அருளிச்செயல் ஓதப்பட்டு வருகிறது. கன்னட நாட்டின் நடுவே, வெளியில் கன்னடம் பேசுவோரும் கோயிலில் கோஷ்டியாகத் திரண்டு, எதிரெதிர் வரிசையாக அமைந்து, தமிழை முழங்குகின்றனர். இங்கிலாந்துப் பேராலயத்துக்கும் இக்கோயிலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வழிபாடும் வேறு, இசையும் வேறு. ஆயினும் இரண்டிலும் இரண்டு வரிசை. இரண்டிலும் நாள்தவறாத முறை. இரண்டிலும் பெரியவர் வாயைப் பார்த்துக் கற்கும் சிறுவர். பாட்டைக் காக்க விரும்பிய இரு கூட்டத்தார், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே வழியைக் கண்டுபிடித்தனர் போலும்!

நம் வீடுகளின் நிலையை இப்போது எண்ணிப் பார்ப்போம். நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் எழுதப் படிக்கக் கற்கின்றனர். அது வேண்டியதே, நமக்கு வாழ்வளிக்கும் நாட்டின் மொழியை நன்கு கற்பது நம் கடமையுமாகும். தமிழோ பல வீடுகளில் பேச்சளவில் நிற்கிறது. சில வீடுகளில் அதுவும் தேய்கிறது. தேவாரமோ, பாசுரமோ, கீர்த்தனையோ, சமயச் சார்பற்ற பாரதி பாடலோ, கன்னட எழுத்தில் பெயர்த்து எழுதிக் கொடுத்தால் போதாதா என்று அன்பர் சிலர் கேட்கின்றனர். தொடக்கத்தில் அது துணையாகும். நாம் அதனைக் குறை கூறோம். பழங்கன்னடத்தில் ழகரமும் றகரமும் இருந்தன. இன்றைய கன்னட எழுத்தில் அவை வழக்கில் இல்லை. எனவே ‘மழை’ என்னும் சொல்லை அந்த எழுத்திலிருந்து ஒரு குழந்தை பெற முடியாது. பாட்டியின் வாயிலிருந்தே பெற வேண்டும். ஏடு நினைவூட்டும், செவியே கற்பிக்கும்.

நம் சங்கம் இதற்கு ஆர்கனும் அரங்கமும் தேட வேண்டா. வாரம் ஒரு நாள், ஒரு வீட்டுக் கூடம், ஆறு பிள்ளைகள், இரண்டு முதியவர் போதும். பிள்ளைகளை மேடை நோக்கி நிறுத்தாமல், இரண்டு வரிசையாக எதிரெதிர் உட்கார வைத்து, ஓர் அடியை ஒரு வரிசையும் அடுத்த அடியை மறு வரிசையும் பாடச் செய்யலாம். போட்டியும் பரிசும் வேண்டா. அவை தனிக்குரலை வளர்க்குமேயன்றிக் கூட்டுக்குரலை வளர்க்கா. ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் முன்னே அவசரமாகத் தொடங்கி, விழா முடிந்ததும் கைவிடுவதைவிட, ஒரே பாட்டை ஆண்டு முழுவதும் விடாமல் பாடுவது மேல்.

பதினாறு ஆண்டு மௌனத்தில் ஒரு பெருநாடு தன் சிறுவர் குரலை இழந்தது. இன்று நம் வீட்டில் பிறக்கும் குழந்தைக்குப் பதினாறு வயது நிரம்பும்போது தமிழ்ப் பாட்டு ஒன்றேனும் நெஞ்சில் இருக்குமா என்பதை இனி வரும் ஆண்டுகளில் நம் கூடங்களில் எழும் ஓசையே முடிவு செய்யும்.